திருட்டு மூச்சு

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, ஆழ்ந்து நோக்கின், மூச்சின் வரலாறே. மூச்சை அறிந்தவன் மனிதனை அறிந்தவன்.

அந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பொன்னெழுத்தில் இப்படி எழுதியிருந்தது. கீழே நுரையீரல் துறைத்தலைவரின் பட்டங்கள் இரண்டு வரி. அதற்கும் கீழே, செல்லோடேப்பில் ஒட்டிய ஒரு தாளில், 'லிஃப்ட் பழுது, படியைப் பயன்படுத்தவும்' என்று இருந்தது. நுரையீரல் துறை மூன்றாவது மாடியில்.

முந்தைய நாள் சித்தப்பா அந்தப் படிகளை நாற்பது நிமிடத்தில் ஏறி முடித்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்தவர்கள் யாராவது நின்று விசாரித்தால், சும்மா வேடிக்கை பார்ப்பதாகச் சொன்னார். முப்பத்தொரு வருடம் பஸ், லாரி, பீரோ என்று எல்லாவற்றுக்கும் ஸ்பிரே பெயிண்ட் அடித்த மனிதர். முகத்துக்குக் கட்டியது ஒரு கைக்குட்டை. அதையும் சிகரெட் பிடிக்க வசதியாக வாய்க்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வார். இப்போது அறுபத்திரண்டு வயதில், கட்டிலிலிருந்து பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் இரண்டு ஸ்டாப்பிங்.

அவருடைய அண்ணன் மகள் அதே மாடியில் ஸ்கேன் டெக்னீஷியன். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவருக்கு வால்வு வைக்கப் போகிறார்கள். காலை ஒன்பதரைக்கு டியூட்டி ஏறுவதற்கு முன் அவரைப் பார்க்க வார்டுக்குப் போனாள்.

சித்தப்பா கட்டில் ஓரத்தில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு கெட்டுப்போனவர்கள் உட்காரும் விதம் அது. சித்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிட்டே வா என்று விரலை அசைத்தார்.

"ஒரு விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நீங்களே அதைத்தானே விட முடியாம இருக்கீங்க."

"விளையாடாதம்மா. அன்னிக்குப் படம் எடுக்கிறப்போ, மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே இருக்கச் சொன்னாங்கல்ல. நான் இருக்கல. நடுவுல ஒரு மூச்சு திருடிட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான்.

அந்தப் படத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழாயில் ஊதிப் பார்க்கிற பரிசோதனை, நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும். எங்கே கெட்டிருக்கிறது என்று சொல்லாது. அதற்காகத்தான் போன வருடம் புதிய புரோகிராம் ஒன்று வந்தது. ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்து, மூச்சை முழுக்க இழுத்த நிலையில் ஒரு படம், முழுக்க விட்ட நிலையில் ஒரு படம். புரோகிராம் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி வண்ணம் பூசும். காற்று போய் வருகிற இடம் நீலம். போன காற்று வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கிடக்கிற இடம் சிவப்பு. எந்தப் பகுதி ரொம்பச் சிவப்போ, அங்கே போகிற குழாயில் குடை மாதிரி ஒரு சின்ன வால்வை வைத்து மூடிவிடுவார்கள். அந்தப் பகுதி சுருங்கிப்போகும். மிச்சமுள்ள நல்ல பகுதிக்கு விரிய இடம் கிடைக்கும். சித்தப்பாவுக்கு இடப்பக்கத்து மேல்பகுதி என்று முடிவாகியிருந்தது.

மெஷின் வந்தபோது 'மூச்சை இழு, நிறுத்து' என்று சொல்ல ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் குரல் கூடவே வந்தது. துறைத்தலைவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவமனையின் பிரிவு உபசாரம், கொடியேற்றம், புது ஜெனரேட்டர் திறப்பு எதுவானாலும் மைக் அவர் கையில்தான். தண்ணீர் கேட்பதைக்கூட அச்சடித்த தமிழில் கேட்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அசரீரி என்று பெயர். அவரே ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், பின்னணியில் மெல்லிய இசையோடு, மெஷினுக்கான அறிவிப்பைப் பதிவு செய்து கொண்டுவந்தார். இரண்டாம் படத்துக்கான அறிவிப்பு இது:

'அன்பிற்குரிய பயனாளரே. இப்பொழுது தங்கள் நுரையீரலில் உள்ள காற்று முழுவதையும் நிதானமாக வெளியேற்றி, அந்நிலையிலேயே, எவ்வித அசைவுமின்றி, எவ்வித அச்சமுமின்றி, மருத்துவ அறிவியலின்பால் முழு நம்பிக்கை கொண்டு, எமது அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.'

இருபத்தாறு நொடி. குரல் ஓய்ந்து இரண்டு நொடி கழித்துத்தான் மெஷின் படம் எடுக்கத் தொடங்கும். 'வெளியேற்றி' என்ற இடத்தில் விட்டவர், 'வேண்டுகின்றோம்' வரை காலி நுரையீரலோடு கிடக்க வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவனே திண்டாடுவான்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சித்தப்பா. "அவரு அறிவியல்னு ஆரம்பிக்கும்போதே எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. லேசா ஒண்ணு இழுத்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி கிடந்துட்டேன். நல்ல வேளை, மெஷின் கண்டுபிடிக்கல."

மெஷின் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கண்டுபிடிக்க வேண்டியது மெஷினில்லை.

ஸ்கேன் அறைக்கு ஓடிப்போய் சித்தப்பாவின் படத்தைத் திறந்தாள். வண்ணத்தைப் பார்க்கவில்லை, மூச்சுக்குழாயைப் பார்த்தாள். காற்றை முழுக்க வெளியே விட்டிருந்தால் அந்தக் குழாயின் பின்சுவர் உள்ளே அமுங்கிப் பிறை மாதிரி தெரியும். இழுத்திருந்தால் வட்டம். சித்தப்பாவின் குழாய் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டமாக இருந்தது.

அதாவது, விட்ட படம் என்று புரோகிராம் நம்பியது இன்னொரு இழுத்த படம். இரண்டு படத்திலும் காற்று இருந்தால் புரோகிராமுக்கு எல்லாமே சிக்கிய காற்றுதான். நுரையீரல் பூராவும் சிவப்பு. அந்தச் சிவப்பில் இடது மேல்பகுதி இம்மி கூடுதல். அந்த இம்மியை நம்பித்தான் இரண்டு மணிக்கு அதை மூடப் போகிறார்கள். அதுவே அவர் பிழைத்துக்கிடக்கிற பகுதியாக இருந்தால்?

வேறு பதினொரு பேருடைய படங்களையும் திறந்து பார்த்தாள். ஒன்பது வட்டம்.

பத்தேகாலுக்குத் துறைத்தலைவரைத் தேடிக் கூட்ட அரங்குக்குப் போனாள். மற்ற மருத்துவமனைகளிலிருந்து ஆறு நுரையீரல் நிபுணர்கள் வருகிறார்கள். அறுபத்தெட்டு நோயாளிகளின் படங்களைப் பற்றி அவர் உரையாற்றிய பிறகு, சித்தப்பாவுக்குச் செய்யும் முதல் வால்வு சிகிச்சையைத் திரையில் நேரடியாகக் காட்டப் போகிறார். அவர் மேடையில் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்க மைக்கை அணைக்கக்கூட இல்லை. பதில் காலி நாற்காலிகள் அத்தனைக்கும் கேட்டது.

"படம் பொய் சொல்லாது, பெண்ணே. மனிதர்கள்தாம் பொய் சொல்வார்கள்."

படமெடுத்தபோது மனிதர் பொய் சொல்லிவிட்டார் என்பதுதான் சார் விஷயம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் நோயாளி அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும், பரிசீலிக்கலாம் என்றார். பிறகு திரையில் தன் பெயர் மையத்தில் விழுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அவள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். சித்தப்பா தாளைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"எட்டு மாசம் காத்திருந்தேன். இன்னிக்கு விட்டா மறுபடியும் கடைசி ஆளா வரிசையில நிக்கணும். அதுவரைக்கும் நான் இருப்பேனா?"

"சித்தப்பா, தப்பான பக்கத்தை மூடிட்டா..."

"எந்தப் பக்கம்னா என்ன, ஏதோ ஒண்ணை மூடுறாங்கல்ல. நான் எந்த மூச்சையும் திருடல. திருடினேன்னு நீ சொன்னா, நீதான் பொய் சொல்றேன்னு சொல்லுவேன். அப்புறம் வருத்தப்படாதே."

பிடிவாதம் பிடிக்கவும் காற்று வேண்டும். இவ்வளவு பேசியதற்கு அவர் அரை நிமிடம் தலையணையைக் கட்டிக்கொண்டு இளைக்க வேண்டியிருந்தது. பேனாவைக் கையால் தொடவில்லை.

மணி பதினொன்றரை. பன்னிரண்டேமுக்காலுக்கு அவரைச் சிகிச்சை அறைக்கு அழைத்துப்போய்த் தயார் செய்யத் தொடங்குவார்கள். ஊசி போட்டுவிட்டால் அதற்கப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது. படம் சரியாக விழவில்லை என்றால் டெக்னீஷியனே திரும்ப எடுக்கலாம் என்று விதி உண்டு. 'தன் சொந்தப் பொறுப்பில்' என்று அதே விதியில் அடுத்த சொல். துறைத்தலைவர் சரி என்று பட்டமளித்த படத்தை, அவருக்குத் தெரியாமல், அதுவும் சொந்தச் சித்தப்பாவுக்குத் திரும்ப எடுத்து, முதல் படம்தான் சரி என்று ஆகிவிட்டால், வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை. பிரிவு உபசாரத்தில் அவர் பேசுவார்.

சித்தி மறுபடி பிடித்த தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அது வழக்கம்தான். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, மூலையில் இருந்த சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க."

"நீ சும்மா இரு."

"சிகரெட்டை விட்டுட்டேன்னு என்கிட்ட பதினாலு தடவை சொன்னீங்க. கேட்டுக்கிட்டேன். நான் சம்சாரம், கேட்டுக்குவேன். உடம்பு கேட்டுக்குமா? எந்திரிச்சு உட்காருங்க."

சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்கேன் அறை சாப்பாட்டு இடைவேளையில் காலியாக இருந்தது. அவரைப் பலகையில் படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்தாள். மல்லாந்து படுப்பதே அவருக்குத் தண்டனை. முதல் நிமிடத்திலேயே உதடு நீலம் பாய்ந்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண்பத்தொன்பது. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் எழுப்பிவிட வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தபோதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. அறிவிப்பு தானாகவே ஓடும். அதை நீக்கத் துறைத்தலைவரின் பாஸ்வேர்டு வேண்டும். ஒலியைத்தான் குறைக்கலாம். அவள் குமிழை முழுக்கத் திருப்பினாள். திரையில் அசரீரி சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது; நொடிகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன. இருபத்தாறு, இருபத்தைந்து. மெஷின் தன் நேரத்துக்குத்தான் சுடும். சித்தப்பாவின் மூச்சு காலியாகிற கணமும் அந்தக் கணமும் சரியாகச் சந்திக்க வேண்டும். முன்னே போனால் திருடிவிடுவார். பின்னே போனால் படம் பாதியில் கலங்கும். கதிர்வீச்சைக் கொடுத்து மூன்றாவது தடவை எடுக்க முடியாது.

பத்து வரும்வரை அவர் இஷ்டத்துக்கு மூச்சு விடட்டும் என்று விட்டாள். ஆக்சிஜன் எண்பத்தெட்டு. நொடி பத்து. இண்டர்காம் பொத்தானை அழுத்தினாள். விரல் ஈரத்தில் வழுக்கியது.

"சித்தப்பா, ஒண்ணு நல்லா இழுங்க."

எட்டு.

"விடுங்க. விடுங்க. விடுங்க, இன்னும் விடுங்க, இருக்கிறதெல்லாம் விடுங்க. இன்னும் இருக்கு, விடுங்க."

அவர் நெஞ்சு மெதுவாக, விசில் மாதிரி மெல்லிய சத்தத்தோடு இறங்கிக்கொண்டே இருந்தது. கெட்ட நுரையீரல் சீக்கிரத்தில் காலியாகாது. மூன்று. இரண்டு. எண்பத்தாறு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்தது.

"இன்னும் துளி. அப்படியே நில்லுங்க. இழுக்காதீங்க."

பலகை நகர்ந்தது. ஆறு நொடி. அவள் கண்ணாடியில் மூக்கு இடிக்க அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது நொடியில் அவர் விரல்கள் பலகையின் விளிம்பைப் பிறாண்டின. நெஞ்சு அசையவில்லை. எண்பத்தைந்து.

"இழுங்க, இழுங்க. போதும்."

கதவைத் திறந்துகொண்டு ஓடி அவரைத் தூக்கி உட்காரவைத்து ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டினாள். பேச்சு வர ஐந்து நிமிடமானது. வந்ததும் முதல் கேள்வி, இந்தத் தடவையாவது பாஸா என்பது.

மூச்சுக்குழாய் பிறை. இடது மேல்பகுதி பளிச்சென்று நீலம். வலது கீழ்ப்பகுதி ஒரே சிவப்பு. அவர் உயிரோடு இருப்பதற்கு உடம்பில் மிச்சமிருந்த ஒரே நல்ல காரணத்தைத்தான் இரண்டு மணிக்கு மூட இருந்தார்கள்.

இரண்டு படத்தையும் தாளில் எடுத்துக்கொண்டு அவள் ஓடியபோது, சிகிச்சை அறை ஊழியர் சக்கர நாற்காலியோடு எதிரே வந்தார். நோயாளி எங்கே என்று கேட்டார். பாத்ரூமில் என்று சொன்னாள். சித்தப்பாவின் வேகம் அந்த மாடி முழுக்கப் பிரசித்தம்; ஊழியர் காத்திருக்க உட்கார்ந்துவிட்டார்.

அரங்கின் வாசலில் துறைத்தலைவர் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஆறு பேரில் மூத்தவர் ஒரு பெண் மருத்துவர். துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. அவள் எல்லார் முன்னாலும் இரண்டு தாளையும் நீட்டினாள். துறைத்தலைவர் வாங்கிப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான், முகம் ஒரு கணம் உண்மையான மருத்துவரின் முகமாக மாறியது. அதற்கப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

"முதற்படம் எனது குரலில் எடுக்கப்பட்டது. இரண்டாவது?"

"என் குரல்ல சார்."

"எனது குரலை அணைத்தீர்களா?"

"குறைச்சேன் சார்."

அவர் நோயாளியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒத்துழைக்காத நோயாளியின் குறைக்கு உலகம் முழுதும் போற்றும் தொழில்நுட்பம் பொறுப்பாகாது என்று விருந்தினர்களைப் பார்த்துச் சொன்னார். அவள் அசையாமல் நின்றாள்.

மூத்த மருத்துவர் இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டத்தின் மேல் ஒரு முறை, பிறையின் மேல் ஒரு முறை கட்டைவிரலை வைத்தார். பிறகு, அந்த அறிவிப்பைக் கொஞ்சம் கேட்க ஆசையாக இருக்கிறது என்றார். துறைத்தலைவர் மலர்ந்துபோனார்.

சித்தி சித்தப்பாவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எட்டுப் பேரும் ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் குமிழைத் திருப்பினாள். சும்மா கேட்பானேன், நாமும் சேர்ந்து செய்து பார்ப்போமே என்றார் மூத்த மருத்துவர். மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

'வெளியேற்றி' என்றது குரல். ஏழு மருத்துவர்களும் காற்றை வெளியே விட்டார்கள். 'எவ்வித அச்சமுமின்றி' வந்தபோது ஒருவருடைய காது சிவந்தது. 'மருத்துவ அறிவியலின்பால்' இரண்டு பேரை வீழ்த்தியது. மூத்த மருத்துவர் 'எமது' என்ற இடத்தில் சத்தமாகவே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, மன்னிக்கணும் என்றார். கடைசியில் துறைத்தலைவர் ஒருவர்தான் நிமிர்ந்து நின்றார். கண் பிதுங்கியது. டையின் முடிச்சு ஏறி இறங்கியது. 'அன்புடன்' என்று அவர் குரல் உருகிய இடத்தில், அவர் மூக்கிலிருந்து மெலிதாக, கெட்டில் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி, ஒரு சத்தம் வந்தது.

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த அறையில் அன்று நடந்த ஒரே நாகரிகமான காரியம் அது.

"ரொம்ப நல்ல குரல்," என்றார் மூத்த மருத்துவர். "வலப்பக்கம் செய்யலாமா?"

"வலப்பக்கம் என்றுதான் நானும் கருதிக்கொண்டிருந்தேன்," என்றார் துறைத்தலைவர்.

சிகிச்சை மூன்றரைக்குத் தொடங்கியது. கையில் குழாயைப் பிடித்ததும் துறைத்தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார். பேசாதபோது அவர் கெட்டிக்காரர்தான். முதலில் ஒரு சின்னப் பலூனால் வலது கீழ்க்குழாயை அடைத்து, பக்கத்துப் பகுதியிலிருந்து காற்று கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. மூன்று வால்வு. ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது. உரையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அந்த அறுபத்தெட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் மூத்த மருத்துவர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவள்தான் அவர்களுக்குப் போன் செய்தாள். படமெடுத்தபோது நடுவில் மூச்சு வாங்கினீர்களா என்று கேட்டாள். பெரும்பாலோர் ஆமாம் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு பள்ளித் தலைமையாசிரியை அழுதேவிட்டார். தான் ஒருத்திதான் ஏமாற்றினோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வருடமாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் சித்தப்பா பாத்ரூம் வரை ஒரே மூச்சில் நடந்து போனார். சித்தி பின்னாலேயே போய், கதவுக்கு வெளியே நின்று, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவர், குனிந்து உட்கார மறந்துவிட்டிருந்தார். அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்மா. முதல் தடவை நான் மூச்சைத் திருடினப்போ, நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துட்டுதானே இருந்த? அத்தனை பெரிய நெஞ்சு ஏறி இறங்கினது தெரியாமலா இருக்கும். சித்தப்பாவாச்சேன்னு பார்த்தும் பார்க்காத மாதிரி விட்ட பாரு. சொந்தம்னா அது."

அவள் தலையாட்டினாள்.

அந்த இருபத்தாறு நொடியும் அவள் போனில் செருப்பு விலை பார்த்துக்கொண்டிருந்தாள்.